மூன்றாவது விசில்

விவேக் நகரில், குழந்தை இயேசு கோவிலுக்குப் பின்னால் போகும் சந்தில் நுழைந்து "வேதநாயகி வீடு எது?" என்று கேட்டால், "எலிய எழுப்பற அம்மாவா?" என்று திருப்பிக் கேட்பார்கள். அவள் பார்த்த வேலைக்கு அந்தச் சந்தில் வேறு பெயர் கிடையாது. சிரிக்காமல் அதைச் சொன்னவரும் கிடையாது. எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவன் அவள் புருஷன் ஆம்ப்ரோஸ். வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறவன், வாயும் கையும் சேர்ந்தே ஓடும். "ஊர்ல எலியக் கொல்றதுக்குத்தான் ஆள் வெப்பாங்க. என் பொண்டாட்டிய எழுப்பறதுக்கு வெச்சிருக்காங்கப்பா" என்று டீக்கடையில் சொல்லிச் சொல்லி அந்தப் பெயரை நிலைநிறுத்தியவனும் அவன்தான்.

வேலை உண்மையிலேயே அதுதான். நகரத்தின் வடக்கே மரங்களுக்கு நடுவில் இருந்த ஓர் ஆராய்ச்சி நிலையத்தில், சுண்டெலிகள் வளர்க்கும் அறைக்கு அவள் உதவியாள். கூண்டு கழுவத்தான் சேர்ந்தாள். தூக்கத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் பெண் ஒருத்தி அங்கே வந்த பிறகு வேலை மாறியது. சுண்டெலி ராத்திரியெல்லாம் திரிந்துவிட்டுப் பகலில் தூங்குகிற ஜீவன். அதன் தூக்கத்தைக் கெடுக்கவேண்டுமென்றால் பகலில்தான் கெடுக்கவேண்டும். காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்துப் போய் மதியம்வரை வேதநாயகி அதைச் செய்தாள்.

அதற்கென்று ஒரு பக்குவம் இருந்தது. அடிக்கக்கூடாது, மிரட்டக்கூடாது, சத்தம் போடக்கூடாது. பயந்துபோன எலி கணக்கில் சேராது. கண் சொருகும் நேரம் பார்த்துக் கூண்டை விரலால் லேசாகத் தட்டவேண்டும். மறுபடி சொருகினால் அது படுத்திருக்கும் மரத்தூளைக் கலைத்துவிடவேண்டும். அதற்கும் மசியாவிட்டால் மெல்லிய பிரஷால் வாலைத் தொடவேண்டும். ஆய்வகத்தில் கொடுத்த பிரஷ் முரடாக இருக்கிறது என்று வீட்டில் ஒரு நாள் சொன்னாள். ஜன்னல் கம்பிக்கு அடிக்க வைத்திருந்த பூனைமுடி போன்ற பிரஷ் ஒன்றை ஆம்ப்ரோஸ் கழுவித் துடைத்துக் கொடுத்தான். "எலிக்குக் கிச்சுக்கிச்சு மூட்டறதுக்கு என் பிரஷ்ஷா" என்று அதற்கும் ஒரு சிரிப்பு.

ஆராய்ச்சி செய்த பெண்ணின் பெயர் தர்ஷினி. ஈரோட்டுக்காரி. பேசுவதற்குத் தமிழ் ஆள் கிடைத்ததே என்று வேதநாயகியிடம் ஓயாமல் பேசுவாள். எலியை ஒரு பெட்டிக்குள் விட்டு, மணியடித்து, காலில் சுருக்கென்று லேசாக ஷாக் கொடுப்பார்கள். மறுநாள் அதே பெட்டியில் விட்டால், தூங்கி எழுந்த எலி அப்படியே உறைந்து நிற்கும். அதற்கு இடம் ஞாபகம் இருக்கிறது. வேதநாயகி தூங்கவிடாமல் வைத்திருந்த எலியோ, புது வீடு பார்க்க வந்ததுபோல் மூலைமூலையாக முகர்ந்துகொண்டு திரியும்.

"அது எப்படி மேடம் மறந்துபோவுது?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"ஞாபகம் உடனே உறைஞ்சிடாதுங்க்கா" என்றாள் தர்ஷினி. "தூங்கறப்பதான் மூளைல அது கெட்டியாகுது. நரம்பு செல்லுக்குள்ள ஒரு சின்ன மூலக்கூறு இருக்கு, தூது போற மாதிரி. அது போய்ச் சொன்னாத்தான் புதுப் புரதம் உண்டாகி, செல்லும் செல்லும் சேர்ற இடம் பலமாகும். தூக்கம் கெட்டா அந்தத் தூது குறைஞ்சுபோகுதுன்னு சந்தேகப்படறோம். அதை உடைக்கிற என்சைம் ஒண்ணு ஜாஸ்தியாகுதோ என்னமோ. இன்னும் முழுசாத் தெரியலைங்க்கா."

தூதும் என்சைமும் வேதநாயகிக்குப் பிடிபடவில்லை. ஆனால் பெயிண்டர் பொண்டாட்டிக்கு வேண்டியது பிடிபட்டுவிட்டது. அடித்த பெயிண்ட் காய்வதற்குள் கை வைத்தால் கலைந்துவிடும். அவ்வளவுதானே. நம் ஆட்கள் எதையும் பாதி கேட்டாலே போதும், மீதியைத் தாங்களே கட்டிமுடித்துவிடுவார்கள். வேதநாயகிக்கும் பாதிதான் தெரியும். மதியத்துக்கு மேல் அந்த ஆய்வகத்தில் வேறொரு பரிசோதனை நடந்தது. அந்த நேரத்தில் அவள் எப்போதும் வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் இருப்பாள்.

இரண்டாயிரத்து நான்காம் வருஷம், மே மாதம், ஒரு சனிக்கிழமை. எலிகளுக்கு லீவு கிடையாது. வேதநாயகி அரிசியும் பருப்பும் குக்கரில் போட்டுவைத்துவிட்டு, ஏழு வயது மகள் அனுஷாவைக் கூப்பிட்டுச் சொன்னாள்: "அப்பா அடுப்பப் பத்தவெப்பாரு. மூணாவது விசில் வந்ததும் நீ போய் அணைச்சுடணும், இன்னா? உங்கப்பாவுக்கு ஞாபகம் இருக்காது. சோறு கொழஞ்சுபோயிடும்." அனுஷா சொன்ன சொல்லைத் தட்டாத பிள்ளை. சரியென்று தலையாட்டினாள்.

பதினொரு மணி வாக்கில் ஆம்ப்ரோஸ் அடுப்பைப் பற்றவைத்தான். மழை வருவதற்குள் கூரை ஷீட்டில் இருந்த ஓட்டையை அடைத்துவிடலாமென்று பக்கத்திலிருந்து மூங்கில் ஏணி இரவல் வாங்கிவந்து, குழாயடிக் கல்மேல் ஊன்றிச் சாய்த்தான். பாசி பிடித்த கல். மகளைக் கூப்பிட்டு, "கெட்டியாப் புடிச்சுக்கோ செல்லம். நான் எறங்கற வரைக்கும் உடாதே" என்று சொல்லிவிட்டு ஏறினான். அனுஷா இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். முதல் விசில் வந்தது. இரண்டாவதும் வந்தது. மூன்றாவது வந்தபோது ஏணியை விட்டுவிட்டு உள்ளே ஓடிப்போய் அடுப்பை அணைத்தாள்.

ஏழு வயதுப் பிள்ளை பிடித்தாலும் விட்டாலும் அந்த ஏணிக்கு ஒன்றுதான். வழுக்கவேண்டிய கல் வழுக்கத்தான் செய்யும். இதைப் பெரியவர்கள் எல்லாரும் ஒத்துக்கொள்வார்கள். ஆனால் வெளியே ஓடிவந்தபோது அப்பா துவைக்கிற கல்மேல் எப்படிக் கிடந்தான் என்பதைப் பார்த்தவள் பெரியவள் அல்ல.

வேதநாயகி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தபோது சந்து நிறையக் கூட்டம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டதென்று யாரோ சொன்னார்கள். அழக்கூடத் தெரியாமல் உள்ளே போனாள். அடுப்புக்குப் பக்கத்தில் அனுஷா உட்கார்ந்திருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் மெதுவாகச் சொன்னாள்: "மூணாவது விசில் வந்துச்சும்மா. நான் ஏணிய உட்டுட்டுப் போய் அணைச்சேன். அப்பா உடாதேன்னு சொன்னாரு."

புருஷன் போனதைவிட இந்த வார்த்தை வேதநாயகியைப் பயமுறுத்தியது. இந்தப் பிள்ளை இதைச் சுமந்துகொண்டு பள்ளிக்கூடம் போகவேண்டும், கல்யாணம் பண்ணவேண்டும், கிழவியாகவேண்டும். அணைக்கச் சொன்னது யார்? பெற்றவள்தான். இன்னும் காயவில்லை, இன்றைக்குத்தானே நடந்தது என்று அவளுக்குள் ஏதோ ஒன்று சொன்னது. மகளின் வாயைக் கையால் பொத்தி, "இத யார்கிட்டயும் சொல்லாதே கண்ணு" என்றாள். பிறகு கைப்பையிலிருந்து அந்தப் பிரஷை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

சாயங்காலம் சவப்பெட்டி நடுவீட்டில் வந்து இறங்கியது. மெழுகுவர்த்தி ஏற்றி ஜெபமாலை சொல்லத் தொடங்கினார்கள். அனுஷாவுக்குக் கண் சொருகியது. வேதநாயகி அவள் உட்கார்ந்திருந்த பலகையை விரலால் தட்டினாள். மறுபடி சொருகியது. பலகைமேல் விரித்திருந்த பாயை உருவி மாற்றிப் போட்டாள். "அம்மா, தூக்கம் வருது" என்றது பிள்ளை. "கொஞ்ச நேரம் கண்ணு, கொஞ்ச நேரம்." அடிக்கவில்லை, அதட்டவில்லை. தலையைப் பின்னிவிட்டு, அவிழ்த்து, மறுபடி பின்னினாள். எதற்கும் மசியாமல் போனபோது பிரஷால் உள்ளங்காலைத் தொட்டாள். பிள்ளை ஒவ்வொரு தடவையும் விலுக்கென்று நிமிர்ந்து அம்மாவையே பார்த்தது. அந்தப் பார்வையை வேதநாயகி ஆய்வகத்தில் தினமும் பார்த்திருக்கிறாள்.

"பாப்பா பாவம், மல்கட்டும், தூங்கட்டும் விடும்மா" என்றாள் பக்கத்து வீட்டு லட்சுமம்மா. கோலார்ப் பக்கத்துக் கன்னடக்காரி. மூன்று பாஷையையும் ஒரே வாயில் பேசுவாள்.

"அப்பாவுக்காக முழிச்சிருக்கணும். எங்களுக்கு அதான் முறை" என்றாள் வேதநாயகி. சாவு வீட்டில் முறை என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் யார் பேசுவார்கள்? கணவனின் தலைமாட்டில், கணவனின் பிரஷை வைத்துக்கொண்டு, மகளின் தூக்கத்தைக் கலைத்தபடி அவள் விடியும்வரை உட்கார்ந்திருந்தாள். துக்கத்தில் மூளை பிசகிவிட்டது என்றுதான் சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள்.

அடக்கம் முடிந்து வந்த பிறகுதான் அனுஷாவைத் தூங்கவிட்டாள். மறுநாள் வெயில் ஏறியபின் எழுந்து வந்த பிள்ளை, தண்ணீர் குடித்துவிட்டுக் கேட்டது: "அப்பா எப்படிம்மா உழுந்தாரு?"

வேதநாயகி திருப்பிக் கேட்டாள்: "நீ அப்போ எங்க இருந்தே?"

"நான் லட்சுமம்மா வூட்ல டிவி பாத்துட்டு இருந்தேன்."

ஆம்ப்ரோஸ் விழுந்த நேரத்தில் லட்சுமம்மா வீடு பூட்டிக்கிடந்தது. வேதநாயகி மகளைக் கட்டிக்கொண்டு அப்போதுதான் முதல்முறையாக வாய்விட்டு அழுதாள். நன்றியில் அழுதாள். பிரஷ் செய்த வேலையா, இல்லை அந்தப் பிஞ்சு மனசு தானே கதவைச் சாத்திக்கொண்டதா என்று கேட்டால் தர்ஷினியே சத்தியம் செய்யமாட்டாள். வேதநாயகிக்கு அந்தச் சந்தேகமெல்லாம் இல்லை. கோவிலுக்குப் போய் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவைத்துவிட்டு, பிள்ளையைக் கே.ஜி.எஃப்.பில் இருந்த அக்கா வீட்டுக்கு அனுப்பினாள். அங்கே விறகடுப்பு. பானையில்தான் சோறு வடிப்பார்கள்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து, பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில் அனுஷா திரும்பி வந்தாள். நன்றாகத் தேறியிருந்தாள். சிரித்தாள், புதுப் புத்தகங்களுக்கு அட்டை போட்டாள். வேதநாயகி ஒரு மாதமாகத் தொடாமலிருந்த குக்கரை அன்று காலையில் எடுத்து அடுப்பில் வைத்தாள்.

முதல் விசில் வந்தது.

அட்டை போட்டுக்கொண்டிருந்த பிள்ளை எழுந்து நின்றது. புத்தகம் மடியிலிருந்து விழுந்ததை அது கவனிக்கவில்லை. இரண்டு கைகளும் மெல்ல மேலே எழுந்து, தோள் உயரத்துக்கு வந்து, எதையோ பிடிப்பதுபோல மூடிக்கொண்டன. அங்கே ஒன்றும் இல்லை. வெறும் காற்று. ஆனால் விரல் கணு வெளுக்கும் அளவுக்கு இறுக்கிப் பிடித்திருந்தது. கண் இமைக்கவில்லை. மூச்சு மட்டும் வேகமாக ஓடியது. இரண்டாவது விசிலுக்குப் பிடி இன்னும் இறுகியது. வேதநாயகி பாய்ந்துபோய் அடுப்பை அணைத்தாள். கைகள் இறங்கவில்லை. குக்கரின் ஆவி முழுக்க அடங்கிய பிறகுதான் அவை இறங்கின.

"இன்னா கண்ணு ஆச்சு?"

"தெரியலம்மா. பயமா இருந்துச்சு."

"எதப் பாத்து?"

பிள்ளை யோசித்துப் பார்த்தது. பிறகு உதட்டைப் பிதுக்கியது. தன் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டது.

அந்த இரண்டு கைகளுக்கும் நடுவில் இருந்த அகலம் வேதநாயகிக்குத் தெரியும். அந்த ஏணி இன்னும் வீட்டுக்குப் பின்னால் சுவரோரம் கிடந்தது. சாவு கண்ட ஏணியை இரவல் கொடுத்தவர் திரும்ப வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டார்.

அவள் குக்கரைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டாள். போட்டு என்ன பிரயோஜனம்? அந்தச் சந்தில் வீட்டுக்கு வீடு குக்கர். காலையில் ஒரு வீட்டில் விசில் வந்தால் எதிர் வீடு பதில் சொல்லும். பல் தேய்க்கும்போதும், சீருடை மாட்டும்போதும், அனுஷா பாதியில் நின்று காற்றைப் பிடித்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் மதிய உணவுச் சமையலறைக்குப் பக்கத்தில் ஒரு நாள் அப்படி நின்றுவிட்டாள் என்று டீச்சர் ஆள் அனுப்பினார். நடுநடுவே பிள்ளையின் கண் மேலே போய்க் கூரையில் ஏதோ ஓர் இடத்தில் நிலைத்தது.

"அப்பா ஆவிதான் வந்து நிக்குது" என்றாள் லட்சுமம்மா. "பாப்பா கை நீட்றது அதுக்குத்தான். குரு வாரம் தப்பாம கோவிலுக்குக் கூட்டிட்டுப் போ." வேதநாயகி வியாழக்கிழமை தவறாமல் கூட்டிக்கொண்டு போனாள். குழந்தை இயேசுவின் முன்னால் பிள்ளை சமர்த்தாக முழங்காலிட்டது. வீட்டுக்குத் திரும்பினால் எதிர் வீட்டு விசில் காத்திருக்கும். ஆவியாக இருந்தால்கூடப் பரவாயில்லை, ஆம்ப்ரோஸ்தானே, பிள்ளையை ஒன்றும் செய்யமாட்டான் என்று வேதநாயகி நினைத்தாள். அது ஆவி இல்லை என்பதுதான் அவளை ராப்பகலாக அரித்தது. உறைந்து நிற்பது என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாதா? நாள் தவறாமல் பார்க்கிறவள்.

ஒரு நாள் மதிய பஸ்ஸை விட்டுவிட்டு ஆய்வகத்திலேயே தங்கினாள். "அந்த எலிங்க எல்லாத்தயும் மறந்துடுமா மேடம்?" என்று கேட்டாள்.

"எல்லாமும் இல்லைங்க்கா. வாங்க, காட்டறேன்."

தர்ஷினி, முந்தின நாள் காலையில் வேதநாயகி இடத்தை மறக்கவைத்திருந்த எலிகளில் ஒன்றை எடுத்து, வேறு வடிவமும் வேறு வாசனையும் உள்ள புதுப் பெட்டியில் விட்டாள். எலி அலட்டிக்கொள்ளாமல் திரிந்தது. தர்ஷினி மணியின் பொத்தானை அழுத்தினாள். எலி நடந்துகொண்டிருந்தபடியே நின்றுவிட்டது. ஒரு முன்னங்கால் தரையிலிருந்து தூக்கியபடி இருந்தது. மணி ஓய்கிறவரை அது இறங்கவில்லை.

"மணிய மறக்காதுங்க்கா" என்றாள் தர்ஷினி. "எங்க நடந்துச்சு, எப்படி நடந்துச்சுங்கறத வெச்சுக்கறது மூளைல ஒரு பகுதி. தூக்கம் கெட்டா அதான் அடிபடுது. சத்தத்தயும் பயத்தயும் சேத்து வெச்சுக்கறது வேற பகுதி, பாதாம் பருப்பு மாதிரி சின்னதா இருக்கும். தூங்காட்டியும் அது பாட்டுக்கு வேலை செஞ்சிடுது."

"அப்போ அதுக்கு எதுக்குப் பயப்படறோம்னு தெரியுமா?"

"எனக்குத் தெரிஞ்சு இல்லீங்க்கா. பயம் மட்டும் இருக்கும். கதை இருக்காது."

வேதநாயகி பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எத்தனை மாதமாக இது அவள் முதுகுக்குப் பின்னால் நடந்திருக்கிறது! இன்னும் ஒரு மணி நேரம் இருந்து பார்த்திருந்தால் போதும். பிள்ளையிடமிருந்து பயத்தை எடுத்துவிட்டோம் என்று மெழுகுவர்த்தி ஏற்றினாள். எடுத்தது பயத்தை அல்ல, பயத்துக்கான காரணத்தை. காரணம் இருந்திருந்தால் அழுதாவது தீர்த்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்வந்து சோற்றுக்கு உலை வைக்கும் நேரம். லட்சுமம்மா வீட்டில் முதல் விசில் வந்தது. அனுஷா வாசற்படியில் நின்றபடி கைகளை உயர்த்திக் காற்றைப் பிடித்துக்கொண்டாள். வேதநாயகி அவள் முன்னால் போய் மண்டியிட்டாள். உண்மையைச் சொல்லத்தான் போனாள். பிள்ளையின் முகத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை. அப்போது தோன்றியதைச் சொன்னாள்:

"அப்பா எறங்கிட்டாரு கண்ணு. கைய உடு."

கைகள் சட்டென்று விட்டுவிட்டன. விரல்கள் விரிந்தன. அவ்வளவுதானா, இத்தனை சுலபமா என்று வேதநாயகி நினைப்பதற்குள் பிள்ளை தலையைத் திருப்பிக் குழாயடியைப் பார்த்தது. பிறகு கூரையைப் பார்த்தது.

"எங்கம்மா?" என்று கேட்டது.

அந்தக் கேள்விக்கு அவளிடம் பொய் இல்லை. இன்னொரு பொய் சொன்னால், பிள்ளை ஆயுசு முழுக்க இறங்காத அப்பாவைத் தேடிக்கொண்டிருக்கும். வேதநாயகி மகளின் இரண்டு கைகளையும் தன் கைக்குள் வைத்துக்கொண்டு, வீட்டுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனாள். சுவரோரம் கிடந்த ஏணியைக் காட்டினாள். எல்லாவற்றையும் சொன்னாள். அப்பா ஏறியது, விடாதே என்று சொன்னது, தான் அரிசி களைந்து வைத்துவிட்டுப் போனது, மூன்றாவது விசில், பாசிக் கல். "அந்தக் கல்லு அப்படி கண்ணு. நாலு ஆம்பளைங்க புடிச்சிருந்தாலும் வழுக்கியிருக்கும். உன்மேல தப்பில்ல. அணைக்கச் சொன்னது நானு. அன்னிக்கு ராத்திரி உன்ன தூங்கவுடாம பண்ணதும் நாந்தான். நீ மறந்துடுவேன்னு நெனச்சேன்."

அனுஷா வேறு யாருடைய கதையையோ கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஏணியின் கால்களைத் தொட்டுப் பார்த்தாள். கை அதே உயரத்துக்குப் போய், அதே அகலத்தில் அமர்ந்தது. கையை எடுக்காமலே கேட்டாள்:

"நான் அடுப்ப அணைச்சேனாம்மா?"

"அணைச்சேடி. நான் சொன்னபடியே அணைச்சே. சோறு கொழயவே இல்ல."

அதைக் கேட்டதும்தான் பிள்ளை அழுதது. அப்பா செத்த நாளிலிருந்து அழாத அழுகை. ஏணியை விட்டுவிட்டு அம்மாவின் மடியில் விழுந்து, விக்கி விக்கி, குரல் கம்மிப்போகும்வரை அழுதது. அழுத களைப்பில் கண் சொருகியது. வேதநாயகி அவளைத் தூக்கிக்கொண்டு போய்ப் பாயில் கிடத்தினாள். பழக்கதோஷத்தில் அவள் விரல் பாயோரம் தரையைத் தட்டப் போனது. இழுத்துக்கொண்டாள்.

தூங்கினால் இது இனிமேல் காய்ந்துவிடும், எழுந்தால் எல்லாம் பிள்ளைக்குத் தெரிந்திருக்கும் என்று அவள் அறிவாள். விட்டது தான்தான் என்பதும் தெரிந்திருக்கும். மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிரஷ் கைப்பையில் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. பிறகு ஓசைப்படாமல் வெளியே போய், லட்சுமம்மா வீட்டுக் கதவைத் தட்டினாள். அடுத்து எதிர் வீடு. அதற்கடுத்த வீடு.

"கொஞ்ச நேரத்துக்கு யாரும் குக்கர் வெக்காதீங்க" என்று வாசல் வாசலாகச் சொல்லிக்கொண்டு போனாள். "பாப்பா தூங்குது."